மேடையிலிருந்து கேமரா முன்னால், பிறகு கேமராவுக்குப் பின்னால்: வடசென்னைப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, திருவொற்றியூர் பக்கம் இருந்துகொண்டு நடிக்க வரலாமா என்று யோசிக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளி ஆண்டு விழாவிலோ கல்லூரி நாடகத்திலோ தெருமுனை நாடகத்திலோ நடித்துக் கைத்தட்டு வாங்கியிருப்பீர்கள். அடுத்து என்ன என்று வீட்டிலும் தெருவிலும் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "சினிமாவா? வேணாம்மா." இன்னொன்று, "உள்ள யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா?" தெரிந்தவர் யாரும் இல்லாமலும் போக ஒரு வழி இருக்கிறது. அது மெதுவான வழி, ஆனால் உறுதியானது.

அந்த வழியில் முதலில் போனவர்களில் ஒருவர் டி.பி. ராஜலட்சுமி. நாடக மேடையிலிருந்து வந்தவர். 1931 தீபாவளிக்கு வெளியான, தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் நாயகி. அந்தப் படத்தின் சுருள் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு வந்தபோது பெருங்கூட்டம் கூடி, வால்டாக்ஸ் சாலை வழியாக ஊர்வலமாக எடுத்துப் போனது. வழியெல்லாம் தேங்காய் உடைத்தார்கள், ஊதுவத்தி ஏற்றினார்கள், ரோஜா இதழ் தூவினார்கள். பல நாடகக் கம்பெனிகள் நடித்த ஒத்தவாடைக் கொட்டகையும் அதே வால்டாக்ஸ் சாலையில்தான் இருந்தது. ஐந்து வருடம் கழித்து, 1936இல், ராஜலட்சுமி தான் எழுதிய நாவலையே 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். இயக்கியதும் தயாரித்ததும் நடித்ததும் அவரே. பேசும் படத்தில் நாயகியான ஐந்தே வருடத்தில் இயக்குநர்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: நடிக்கக் கற்றுக்கொள்ளும் நாளிலிருந்தே படம் எடுக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் வருடங்களில் உங்கள் கையில் ஒரு வேலை இருக்கும்.

முதலில் ஒரு நாடகக் குழு

"மூன்று மாதத்தில் நடிகை ஆக்குகிறோம்" என்று சொல்லும் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்துவிடுங்கள். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று பலர் திரைக்கு வந்தார்கள். பிரளயன் நடத்தும் சென்னைக் கலைக்குழு 1984 முதல் வீதி நாடகம் போடுகிறது. அ. மங்கையின் மரப்பாச்சி குழு பெண்களின் பிரச்சினைகளை மேடைக்குக் கொண்டுவருகிறது. இவை தவிர, கல்லூரி மாணவர்கள் சேர்ந்து நடத்தும் சிறு குழுக்களும் தெருமுனையில் பிரச்சார நாடகம் போடும் குழுக்களும் நிறைய. ஒரு குழுவின் நாடகத்தைப் போய்ப் பாருங்கள். முடிந்ததும் இயக்குநரிடம், "அடுத்த நாடகத்துக்கு வேலை செய்ய வரலாமா?" என்று கேளுங்கள். "நடிக்க வரலாமா?" என்று கேட்பதைவிட இதற்குக் கதவு சீக்கிரம் திறக்கும். லைட் பிடிப்பது, உடை தைப்பது, வசனம் எடுத்துக்கொடுப்பது எல்லாமே பிறகு படம் எடுக்கும்போது கைகொடுக்கும்.

ஒத்திகை பெரும்பாலும் நகரத்தின் அந்தப் பக்கம்தான் நடக்கும். விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ வந்தபிறகு இது எவ்வளவோ சுலபமாகிவிட்டது. சென்ட்ரலில் இறங்கி பச்சை வழித்தடத்துக்கு மாறினால் நேரே வடபழனி. காசு கம்மி என்றால் பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்து இருக்கிறது. கொஞ்சம் முன்கூட்டியே கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். எத்தனை மணிக்கு ஒத்திகை முடியும், கடைசி ரயில் எப்போது என்பதைச் சேரும்போதே குழுவிடம் பேசிவிடுங்கள். பெண்கள் வீடு போய்ச் சேரும் நேரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத குழு எவ்வளவு பெரிய பேர் எடுத்ததாக இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

குறைந்தபட்சம் ஒரு நாடகத்தையாவது முதல் வாசிப்பு முதல் கடைசி நிகழ்ச்சி வரை கூடவே இருந்து முடியுங்கள். பாதியில் ஆடிஷன் என்று ஓடாதீர்கள். மேடை தரும் பெரிய சொத்து உடம்புதான். இரண்டு மணி நேரம் நின்று பேசினாலும் உடையாத தொண்டை, எதிரில் இருப்பவர் பேசுவதை உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம், எதையாவது மறந்துவிட்டால் முகத்தில் காட்டாமல் சமாளிக்கும் தைரியம். இது ரீல்ஸ் எடுத்து வராது.

ஆடி மாதத்தில் நம் பக்கத்து அம்மன் கோயில்களில் தெருக்கூத்து நடந்தால் விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். மைக் இல்லாத காலத்திலும் தெரு முழுக்கக் கேட்ட குரல் அது. அடிவயிற்றிலிருந்து எப்படிக் குரல் எடுக்கிறார்கள், அடவுக்கு நடுவே எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று கவனியுங்கள்.

முறையாகப் படிக்க விரும்பினால்: டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு, அதன் பெங்களூரு மையத்தில் ஓராண்டுப் படிப்பு, புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறையின் முதுகலைப் படிப்பு. மூன்றுமே அரசு நிறுவனங்கள். தனியார் நிலையத்தில் லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன் இவற்றின் அறிவிப்பைப் பாருங்கள்.

மேடை நடிப்பைக் கேமராவுக்கு மாற்றுவது

மேடையிலிருந்து வருகிறவர்களிடம் சினிமாக்காரர்கள் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "டிராமா மாதிரி பண்றீங்க." இதைக் கேட்டு நிறையப் பேர் பயந்து, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நடிப்பார்கள். அது தப்பு. உணர்ச்சியைக் குறைக்க வேண்டாம். அதை வெளியே தள்ளும் அளவைத்தான் குறைக்க வேண்டும். அதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யலாம்.

பிளாஸ்டிக் குடம் ஒன்றில் முக்கால் அளவு தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். காட்சி இது: தண்ணி லாரியில் பிடித்த குடத்தோடு வீட்டுக்குள் வருகிறீர்கள். உள்ளே அம்மா சமைத்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு வேலை போய்விட்டதை அவரிடம் சொல்ல வேண்டும். வசனம் ஒன்றே ஒன்று: "ம்மா, நாளைலேர்ந்து வேலைக்கு வர வேணான்ட்டாங்கம்மா."

முதல் முறை மொட்டை மாடியில். ஒரு தோழியை அந்தக் கோடியில் நிற்க வைத்து அவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். இதுதான் உங்களுக்குப் பழகிய அளவு. இரண்டாம் முறை வீட்டுக்குள், போனைப் பத்தடி தள்ளி வைத்து, முழு உடம்பும் தெரியும்படி. பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் குரல் போதும். ஆனால் குடத்தின் கனம் இடுப்பில் தெரிய வேண்டும். மூன்றாம் முறை போனை இரண்டடியில் வைத்து, முகம் மட்டும். இப்போது குடம் படத்தில் இல்லை. இருந்தாலும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும், ஏனென்றால் கனம் தோளிலும் கழுத்திலும் மூச்சிலும் தெரியும்.

மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். கடைசி வீடியோவில், வசனத்துக்கு முன்னால் நீங்கள் இழுத்த மூச்சு வசனத்தைவிட அதிகமாகச் சொல்லியிருக்கும். புருவம் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏறி இறங்கினால் அது மேடைப் பழக்கம். கடைசி வரிசைக்கு முகம் எட்ட வேண்டுமே என்று பழகியது, தானாக வரும். கண்ணையும் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் நடிகரின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால் க்ளோஸ் ஷாட்டில் உங்கள் பார்வை அலைபாயும். கேமராவுக்குப் பக்கமாக இருக்கும் அவருடைய ஒரு கண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதே குடம் இன்னொன்றும் கற்றுத் தரும். பத்தடி ஷாட்டில் எந்தச் சொல்லில் குடத்தைக் கீழே வைத்தீர்கள்? எந்த இடுப்பில் இருந்தது? ஈரக் கையைத் துப்பட்டாவின் எந்தப் பக்கம் துடைத்தீர்கள்? க்ளோஸ் எடுக்கும்போது அதே சொல்லில் அதே அசைவு வந்தால்தான் எடிட்டரால் இரண்டையும் ஒட்ட முடியும். இதைத்தான் கண்டினியூட்டி என்கிறார்கள். ஒரே காட்சியை வைட் (முழு உடம்பும்), மிட் (இடுப்பு வரை), க்ளோஸ் (முகம் மட்டும்) என்று பல முறை எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் அழுகை புதிதாகவும் அசைவு பழையதாகவும் இருக்க வேண்டும். மேடையில் தினம் தினம் ஒரே நாடகத்தை நடித்த பழக்கம் இங்கேதான் உங்களுக்குப் பெரிய பலம். நேராக சினிமாவுக்கு வந்தவர்கள் இதில் திணறுவதைப் பார்க்கலாம்.

ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். நாடகம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாகப் போகும். படப்பிடிப்பில் கிளைமாக்ஸை முதல் நாளே எடுப்பார்கள். அதனால் ஸ்கிரிப்ட் கையில் கிடைத்ததும் உங்கள் காட்சிகளைக் கதை வரிசையில் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதற்கு முன் என்ன நடந்தது, இவளுக்கு இப்போது என்ன தெரியும்" என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.

போட்டோ, வீடியோ, பேச்சு

போட்டோவுக்குப் பெரிய செலவு வேண்டாம். மேக்கப் இல்லாமல் முகம், இரண்டு பக்கம், முழு உருவம்: நான்கு படம் போதும். ஃபில்டர் போடாதீர்கள். அறிமுக வீடியோவை ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி, வெறும் சுவர் பின்னணியில், போனைக் கிடைவாக்கில் வைத்து எடுங்கள். பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகள், செய்த நாடகங்கள். அப்புறம் ஒரு நிமிட நடிப்பு. எதிர் வசனம் படிப்பவர் கேமராவுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும்.

தெரிந்த மொழிகளை எழுத மறக்காதீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளில் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசுகிறவர்கள் ஏராளம். சௌகார்பேட்டையில் வேலை பார்த்து இந்தி பழகியவர்களும் உண்டு. இது பெரிய தகுதி என்று நமக்கே தெரிவதில்லை.

மெட்ராஸ் பாஷையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடிஷனில் அதை மறைத்துவிட்டு, டிவி தொகுப்பாளர் மாதிரிப் பேச முயல்கிறவர்கள் நிறைய. தேவையில்லை. காசிமேட்டுக்காரர் பேச்சும் பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பேச்சும் ஒன்றா? அந்த வித்தியாசம் காதில் பிடிபட்டவர் உள்ளே இருப்பது படக்குழுவுக்கு லாபம். ஆனால் அது ஒன்றே தெரிந்தால், சண்டைக்காரப் பெண், குழாயடிப் பெண் என்றே வேடம் வந்துகொண்டிருக்கும். மதுரை, கொங்கு, நெல்லைப் பேச்சு ஒவ்வொன்றையும் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பேசவைத்துப் பதிவுசெய்து பழகுங்கள். வடசென்னைப் பெண் டாக்டராக, வக்கீலாக, கணக்குத் தணிக்கையாளராக நடிக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன். நம் தெருக்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், திரையில்தான் காணோம்.

ஆடிஷன், பணம், பாதுகாப்பு

ஆடிஷனுக்கு யாரும் பணம் கேட்கக் கூடாது. பதிவுக் கட்டணம், "ஆர்ட்டிஸ்ட் கார்டு வாங்கித் தரேன்", "எங்க போட்டோகிராபர்கிட்டதான் போர்ட்ஃபோலியோ எடுக்கணும்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கிளம்பிவிடுங்கள். அழைப்பு வந்ததும் கம்பெனி பெயர், இயக்குநர் பெயர், இடம், நேரம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். அதை வீட்டில் ஒருவருக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள். ஆபீஸில் அல்லது ஸ்டுடியோவில், பகலில் மட்டும். ஓட்டல் அறை என்றால் போகவே வேண்டாம். முதல் முறை அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "துணைக்கு யாரும் வரக்கூடாது" என்று சொல்லும் இடத்தில் உங்களுக்கு வேலையும் இல்லை.

பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். பேச்சு வழக்கில் விசாகா கமிட்டி என்பார்கள். குழு இல்லாத இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அவசரத்துக்கு 181. முதல் நாளே தயாரிப்பு மேலாளரிடம், "சார், கமிட்டில யார் யார் இருக்காங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். கேட்கிற பெண் என்று தெரிந்தாலே பல பேர் ஒழுங்காக இருப்பார்கள்.

சம்பளம் பேசக் கூச்சப்படாதீர்கள். நாடக மேடையிலிருந்து வந்த கே.பி. சுந்தராம்பாள் 1935இல் வெளியான 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் கேட்டு வாங்கினார். அன்றைக்கு அது யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. எத்தனை நாள் கால்ஷீட், ஒரு நாளைக்கு எவ்வளவு, பேட்டா உண்டா, போய்வரும் செலவு யாருடையது, டப்பிங் நீங்களே பேசுகிறீர்களா, அதற்குத் தனியாகப் பணமா என்பதை முன்பே பேசி, ஒரு பக்கமாவது எழுதி வாங்குங்கள். பான் கார்டும் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும். சம்பளத்தில் பத்து சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால், வருமானம் வரி வரம்புக்குள் இருக்கும்வரை ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கலாம். நிறையப் பேர் இது தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

தொடக்கத்தில் இந்த வருமானத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இருக்கிற வேலையை விடாதீர்கள். குழந்தைகளுக்கு நாடக வகுப்பு, டப்பிங், சீரியலில் சின்ன வேடம் எல்லாம் நடிப்போடு சேர்ந்த வேலைகளே.

ஷூட்டிங்கில் சும்மா இருக்கும் நேரம்

தளத்தில் பெரும்பாலான நேரம் காத்திருப்புதான். போனைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், லைட் செட்டிங் நடக்கும் இடத்தின் ஓரமாக நில்லுங்கள். ஷாட் மாற ஏன் இவ்வளவு நேரம், இயக்குநர் எதற்கு ரீடேக் கேட்டார், உதவி இயக்குநர் நோட்டில் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். பெண் உதவி இயக்குநர் யாராவது இருந்தால் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் முதல் குறும்படத்துக்கு அவர்தான் பெரிய துணையாக இருப்பார்.

உங்கள் சொந்தப் படம்

நந்திதா தாஸ் டெல்லியில் ஜன நாட்டிய மஞ்ச் என்ற வீதி நாடகக் குழுவில் தொடங்கினார், திரையில் நடித்தார், 2008இல் 'ஃபிராக்' படத்தை இயக்கினார். அந்தக் கட்டத்துக்கு நீங்கள் இன்றைக்கே தயாராகத் தொடங்கலாம், மூன்று நிமிடப் படத்தில்.

கதைக்கு ஒரே இடம், இரண்டு பேர் போதும். அந்தக் குடம் காட்சியையே எழுதலாம். அம்மா என்ன பதில் சொல்கிறார்? அடுப்பை அணைக்கிறாரா, கிளறிக்கொண்டே இருக்கிறாரா? ஷாட் பிரித்துக் காகிதத்தில் வரையுங்கள், குச்சி மனிதர்கள் போதும். பத்துப் பதினைந்து ஷாட்டுக்கு மேல் போக வேண்டாம்.

போனில் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இதற்குப் பொருந்தாத வேகத்தில் எடுத்தால் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்கலாம். போனில் இருக்கும் கேமராவில் இதை மாற்ற முடியாவிட்டால் அதற்கென்று இலவச ஆப் இருக்கிறது. ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் லாக் செய்யாமல் ஷாட் ஓட்டாதீர்கள்.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள். பேச்சு புரியாவிட்டால் பார்க்க மாட்டார்கள். நம் பக்கம் சத்தத்துக்குக் குறைவில்லை: எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி, பின்னால் ரயில், பக்கத்துத் தெருவில் காதணி விழா ஸ்பீக்கர். விடியற்காலையில் எடுங்கள். காலர் மைக் ஒன்று வாங்குங்கள். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிவு செய்து வைத்தால், எடிட்டில் ஒட்டுப்போட உதவும்.

வீட்டுக்குள்ளும் உங்கள் மாடியிலும் எடுக்கும்வரை அனுமதிப் பிரச்சினை இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகம், ரயில் நிலையம், மெட்ரோ எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்க வேண்டும். முதல் படத்துக்கு அவை வேண்டாம். சினிமாப் பாட்டையும் பின்னணியில் போடாதீர்கள், காப்புரிமையில் மாட்டும். தெருவில் கானா பாடும் தம்பியிடம் கேளுங்கள். பாட்டுக்குப் பணம் கொடுத்து, பெயர் போட்டு, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பாட்டை ஓசியில் எடுத்துக்கொண்டு போனவர்கள் ஏற்கெனவே அதிகம்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு தாராளமாகப் போதும். வீட்டில் கணினி இல்லாவிட்டால் கல்லூரித் தோழியுடையதை ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்குங்கள். முதல் எடிட்டை வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்டுங்கள், ஆனால் படத்தைப் பார்க்காதீர்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் போனை எடுக்கிறார்களோ அங்கே வெட்ட வேண்டும்.

இரண்டு மூன்று குறும்படம் முடித்தபிறகும் இயக்கம்தான் என்று தோன்றினால் இரண்டு வழி. தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு எல்லாம் பட்டப்படிப்பாக இருக்கின்றன. கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணியில் இறங்கலாம். வயது வரம்பு உண்டு என்பதால் பிளஸ் டூ முடித்த கையோடு அறிவிப்பைப் பாருங்கள். இன்னொன்று, உதவி இயக்குநராகச் சேர்வது. அதற்கு யாரும் சான்றிதழ் கேட்க மாட்டார்கள், குறும்படத்தைத்தான் கேட்பார்கள். வளசரவாக்கத்தில் பா. இரஞ்சித் தொடங்கிய கூகை நூலகம் உதவி இயக்குநர்கள் வந்து படிக்கவும் பேசவும் ஏற்பட்ட இடம். அங்கே போய்வந்தால் யார் ஆள் தேடுகிறார்கள் என்பது காதில் விழும்.

படத்தை யூடியூபில் போட அவசரப்படாதீர்கள். இணையத்தில் வந்த படத்தை எடுத்துக்கொள்ளாத விழாக்கள் உண்டு. மறுபக்கம் அமைப்பு சென்னையில் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா, கேரளா திருவனந்தபுரத்தில் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா இரண்டின் விதிகளையும் முதலில் படித்துவிட்டு அனுப்புங்கள். ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். மெட்ராஸ் பாஷை தெரிந்த ஒருவரை உட்கார வைத்து அதைச் செய்யுங்கள். நடிகர்கள், மைக் பிடித்தவர், வீடு கொடுத்தவர், டீ போட்ட அத்தை எல்லாருடைய பெயரும் டைட்டிலில் எழுத்துப்பிழை இல்லாமல் வந்திருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு ஃபைலை அனுப்புங்கள்.